தொடக்கப் பள்ளியில் அறிவியல்: வரலாறு தரும் பாடம்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் போதும். அறிவியல் பெரிய வகுப்புகளுக்கு உரியது என்னும் எண்ணம் நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையிலும் வண்ணப் படங்களோடு அறிவியல் நூல் இருக்கிறது. பெற்றோர் மகிழ்கிறோம். ஆயினும் அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, "விதை எப்படி முளைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். நூலில் உள்ள நான்கு வரிகளைத் தங்குதடையின்றி ஒப்பிக்கும். "முளைவிட்ட பயற்றைப் பிளந்து பார்த்திருக்கிறாயா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் விழிக்கும். வீட்டுச் சமையலறையில் முதல்நாள் இரவு ஊறப்போட்ட பயறு முளைகட்டிக் கிடக்கும். பிள்ளைக்கும் அதற்கும் இடையே பாடநூல் ஒரு சுவராக நிற்கும்.

இந்தச் சுவரை எழுப்பியவர் யார்? ஆசிரியரா, அரசா, பெற்றோராகிய நாமா? இக்கேள்விக்கு விடை தேடினால் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. எளிய மக்களின் சிறு பிள்ளைகளுக்கு அறிவியலைக் கண்ணாலும் கையாலும் கற்பிக்க முடியும் என்பதை இங்கிலாந்தின் இரண்டு சிற்றூர்கள் மெய்ப்பித்துக் காட்டின. அந்த முயற்சி எவ்வாறு தழைத்தது, எதனால் பட்டுப்போனது என்பதை முதலில் காண்போம். பிறகு நம் நாட்டுக்கு வருவோம்.

கிங்ஸ் சாம்போர்ன்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஹாம்ப்ஷயரில் கிங்ஸ் சாம்போர்ன் என்றோர் ஊர் உண்டு. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்போர் நிறைந்த ஏழைச் சிற்றூர் அது. 1830களின் பிற்பகுதியில் அவ்வூரின் திருச்சபைக் குருவாக ரிச்சர்ட் டாவ்ஸ் என்பவர் வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டௌனிங் கல்லூரியில் கணிதம் பயிற்றியவர் அவர். ஊரின் வறுமையையும் அறியாமையையும் கண்டு, 1842ஆம் ஆண்டில் அங்கு ஒரு பள்ளியைத் திறந்தார்.

அப்பள்ளியின் ஏற்பாடுகள் அக்காலத்துக்குப் புதியவை. கூலியாளின் பிள்ளையும் நிலமுடையவரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஏழைகள் வாரத்துக்கு ஓரிரு பென்னிகள் செலுத்தினர். வசதி படைத்தோர் கூடுதலாகச் செலுத்தினர். முற்றும் இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை என்பது டாவ்ஸின் கருத்து. பிள்ளைகள் தமக்கெனப் புத்தகம் வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். பிள்ளை கொண்டுவரும் புத்தகத்தின் வழியே தாய்தந்தையரும் கற்பார்கள் என்று நம்பினார்.

பாடமோ இன்னும் புதியது. அன்றாடப் பொருள்களின் அறிவியல் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. கெண்டியில் நீர் கொதிக்கும்போது மூடி ஏன் துள்ளுகிறது? கெண்டியின் கைப்பிடியை மரத்தால் செய்வது ஏன்? குளிர்காலக் காலையில் சாளரக் கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் எங்கிருந்து வந்து படிகிறது? தண்ணீர் இறைக்கும் குழாயில் நீர் மேலேறுவது எப்படி? உழவனின் வண்டியும் நெம்புகோலும் எந்த விதிக்குக் கட்டுப்பட்டு இயங்குகின்றன? இவைதாம் அங்கே கேள்விகள். பிள்ளைகள் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தார்கள், தரையை அளந்தார்கள். கணக்கும் எழுத்தும் இந்தப் பாடத்தின் ஊடேயே வளர்ந்தன. கண்டதை எழுத எழுத்து வேண்டும். அளந்ததைச் சொல்ல எண் வேண்டும். அறிவியலைத் தனிப் பாடமாக ஒரு மூலையில் வைக்காமல், பிற பாடங்களுக்கும் உயிர் தரும் ஊற்றாக அவர் அமைத்துக்கொண்டார்.

அரசின் கல்விக் குழு அனுப்பிய மேற்பார்வையாளருள் ஒருவரான ஹென்றி மோஸ்லி அப்பள்ளியைப் பார்வையிட்டு வியந்து எழுதினார். அவரும் கணித அறிஞரே. அவருடைய அறிக்கைகளால் சிற்றூர்ப் பள்ளியின் பெயர் நாடெங்கும் பரவியது. தம் முறையை விளக்கி டாவ்ஸ் 1847இல் வெளியிட்ட நூலை ஆசிரியர்கள் விரும்பி வாங்கினர். 1850இல் அவர் ஹெரிஃபோர்டு நகரப் பேராலயத்தின் தலைமைக் குருவாக உயர்ந்தார். சில ஆண்டுகளில் ஆஷ்பர்ட்டன் பிரபு என்பவர், அன்றாடப் பொருள்களின் அறிவியலைச் சிறப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பரிசுகள் அறிவித்தார். பள்ளிகள் அறிவியல் கருவிகள் வாங்க அரசும் உதவிப் பணம் தந்தது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் அறிவியல் நிலைத்துவிடும் என்றே அக்காலத்தார் எண்ணினர்.

ஹிச்சம் ஊரின் தாவர வகுப்பு

கிழக்குப் பகுதியான சஃபோக்கில் ஹிச்சம் என்னும் மற்றொரு சிற்றூர். அங்கே குருவாக இருந்தவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ. கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக விளங்கியவர். சார்லஸ் டார்வினின் ஆசிரியர். 1831இல் பீகிள் கப்பலில் செல்லும் வாய்ப்பு டார்வினுக்குக் கிட்டியது அவருடைய பரிந்துரையால்தான். இத்தகைய பேரறிஞர் ஓர் உழவர் ஊரில் தங்கி, 1850களில் வாரந்தோறும் திங்கட்கிழமைப் பிற்பகலில் ஊர்ச் சிறுவர் சிறுமியருக்குத் தாவரவியல் நடத்தினார்.

இந்த வகுப்பில் சேர எவரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர் வரலாம். ஆனால் வந்தவர்க்கு ஒழுங்கு கடுமையானது. பிள்ளைகள் வயல்வெளியிலிருந்து தாமே பூக்களைப் பறித்து வருவர். புறவிதழ் எத்தனை, அகவிதழ் எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, சூலக அறை எத்தனை, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்து, கட்டமிட்ட அட்டவணையில் நிரப்ப வேண்டும். ஒருவித்திலை, இருவித்திலை முதலியவற்றுக்குரிய நீண்ட கலைச்சொற்களைப் பிழையின்றி எழுதத் தெரிந்தால்தான் அடுத்த படிக்கு ஏறலாம். "குழந்தைகளுக்குக் கடினச் சொல் ஆகாது" என்று இன்று சிலர் சொல்கிறார்கள். கண்ணால் கண்டு கையால் தொட்ட பொருளின் பெயர் எவ்வளவு நீண்டிருந்தாலும் பிள்ளைக்கு அது சுமையாவதில்லை என்பதை ஹிச்சம் காட்டிற்று. பொருளைக் காணாமல் பெயரை மட்டும் சுமக்கும்போதுதான் முதுகு வளைகிறது.

அரசி விக்டோரியாவின் பிள்ளைகளுக்கும் ஹென்ஸ்லோ தாவரவியல் வகுப்பு நடத்தியதுண்டு. அரண்மனைப் பிள்ளைக்கும் அன்றாடங்காய்ச்சியின் பிள்ளைக்கும் அவர் ஒரே ஆசிரியராக இருந்தார் என்பது எண்ணி மகிழத் தக்கது.

அவர் 1861இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பாடக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு டேனியல் ஆலிவர் என்னும் தாவர அறிஞர் 1864இல் ஒரு தொடக்கநிலைத் தாவரவியல் நூலை வெளியிட்டார். அதே ஆலிவர் 1869இல் இந்தியத் தாவரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்திய மாணவர்க்கென ஒரு முதல் நூலையும் எழுதினார். ஹிச்சம் ஊர்ப் பிள்ளைகளின் திங்கட்கிழமை வகுப்பு இந்தியாவரை வந்து சேர்ந்த வழி இது. ஆனால் நூல் கடல் கடந்த அளவுக்கு அந்த வகுப்பின் உயிர் கடல் கடக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஓர் ஏழைச் சிறுவனின் விடை

1860இல் ராட்டஸ்லி பிரபு எழுதிய நூலொன்றில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. அறிவியலில் தேர்ந்தவர் அவர். ஒரு கூட்டத்தில் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளிடம் அறிவியல் கேள்வி கேட்கப்பட்டது. காலூனமும் முதுகுக் கூனும் உடைய ஒரு சிறுவன் நொண்டி நொண்டி முன்வந்தான். வறுமை அவன் முகத்தில் எழுதியிருந்தது. அவன் சொன்ன விடையோ மிகத் தெளிவாக இருந்தது. அவையோர் வியந்தனர். அத்துடன் அவர்களுக்கு வெட்கமும் உண்டாயிற்றாம். கீழ்நிலையில் உள்ளவனுக்குத் தெரிந்தது மேல்நிலையில் உள்ளோர்க்குத் தெரியாமற் போயிற்றே என்ற வெட்கம்!

இதிலிருந்து அவர் கண்ட முடிவைக் கவனியுங்கள். அறிவில் தாழ்ந்தோர் செல்வத்தில் உயர்ந்தோரை மிஞ்சிவிடும் சமுதாயம் நலமான சமுதாயம் ஆகாது என்று அவர் கருதினார். பணக்காரப் பிள்ளைகளுக்கும் விரைவில் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கவலை. ஏழைப் பிள்ளை கற்றதைக் கண்டு மகிழ வேண்டிய நேரத்தில் மேல்தட்டினர் அஞ்சினர். கல்வியின் வரலாற்றில் இந்த அச்சம் புதியதன்று. "இவனுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு?" என்ற கேள்வி எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் கேட்கப்பட்டிருக்கிறது.

இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்னி

அறிவியலைத் தொடக்கப் பள்ளியிலிருந்து எவரும் தடைச்சட்டம் போட்டு வெளியேற்றவில்லை. ஒரு மானிய விதியே அதைச் செய்து முடித்தது.

பள்ளிகளுக்கு அரசு செலவிடும் பணம் பெருகிவருவதைக் கண்டு ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1861இல் அதன் அறிக்கை வெளிவந்தது. பல பிள்ளைகள் சரியாக எழுதப் படிக்கத் தெரியாமலே பள்ளியை விட்டுப் போகின்றனர் என்பது அதன் குறை. குறை பொய்யன்று. அதற்கு மருந்தாக, கல்வித் துறைப் பொறுப்பிலிருந்த ராபர்ட் லோ 1862இல் புதிய மானிய விதியைக் கொண்டுவந்தார்.

விதி இதுதான்: ஆண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வருவார். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் சோதிப்பார். மூன்றிலும் தேறினால் அந்தப் பிள்ளையின் பொருட்டுப் பள்ளிக்கு எட்டு ஷில்லிங் கிடைக்கும். ஒன்றில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்னி குறையும். மூன்றிலும் தவறினால் ஒன்றும் இல்லை. வருகைக்கெனத் தனியாக ஒரு சிறு தொகை உண்டு. கல்வி திறமையாக நடக்கட்டும். நடக்காவிட்டால் செலவாவது குறையட்டும் என்பது லோவின் வாதம்.

கெண்டியின் மூடி ஏன் துள்ளுகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? ஒரு பென்னியும் கிடைக்காது. மகரந்தத் தாளை எண்ணத் தெரிந்த சிறுமிக்கு? ஒன்றுமில்லை. ஆசிரியரின் ஊதியமே இந்த மானியத்தைச் சார்ந்து நின்றபோது அவர் என்ன செய்வார்? வெப்பமானியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வாசிப்பு நூலின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிலும் அறிவியலுக்கு இருந்த இடம் சுருங்கிற்று. கவிஞரும் பள்ளி மேற்பார்வையாளருமான மேத்யூ ஆர்னல்டு இம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிட்டது என்று இடித்துரைத்தார். 1870களில் மேல்வகுப்புகளுக்குச் சில அறிவியல் பாடங்களும் மானியப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் அவையும் மேற்பார்வையாளரின் கேள்விக்கு விடை மனப்பாடம் செய்யும் பாடங்களாகவே பெரும்பாலும் அமைந்தன. இந்த மானிய முறை இங்கிலாந்தில் முற்றிலும் ஒழிய 1890கள் ஆயின.

நம் சென்னை மாகாணமும் இதிலிருந்து தப்பவில்லை. தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் என்னும் இதே முறை 1860களில் இங்கும் நுழைந்தது. திண்ணைப் பள்ளிகள் பல இந்த மானியத்தை நம்பி அரசின் பட்டியலில் சேர்ந்தன. 1882இல் அமைந்த ஹண்டர் குழுவும் தொடக்கப் பள்ளிகளுக்கு இம்முறையை ஆதரித்தது. 1904இல் கர்சன் பிரபுவின் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானந்தான் இதைக் கைவிடச் சொன்னது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அதாவது இரண்டு தலைமுறை ஆசிரியர்கள், மேற்பார்வையாளர் வரும் ஒரு நாளை எண்ணியே ஆண்டு முழுதும் பாடம் நடத்தினர். விதி போயிற்று, பழக்கம் போகவில்லை.

நர்மதைக் கரையில் ஒரு முயற்சி

விடுதலைக்கு முன்னும் பின்னும் நம் நாட்டில் இப்பழக்கத்தை மாற்ற முயன்றோர் பலர். 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்குப் பின் டாக்டர் ஜாகிர் ஹுசைன் தலைமையில் அமைந்த குழு, கைத்தொழிலை நடுவாக வைத்து வகுத்த ஆதாரக் கல்விப் பாடத்திட்டத்தில் பொது அறிவியலுக்கும் இடம் தந்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, பள்ளிக் கல்வியின் முதற் பத்தாண்டுகளில் அறிவியல் அனைவர்க்கும் கட்டாயமாக வேண்டும் என்றது. அறிவியல் இவ்வாறு பாடத்திட்டத்துக்குள் வந்தது. வந்த அறிவியல் பெரும்பாலும் அச்சிட்ட அறிவியலாக இருந்தது என்பதே குறை.

அக்குறையை நேரடியாக எதிர்கொண்ட முயற்சி மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடந்தது. 2022இல் அம்மாவட்டத்துக்கு நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் ஊரக மையம் என்னும் இரண்டு தொண்டு அமைப்புகள், மாநில அரசின் இசைவுடன் 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள். தொடக்கப் பள்ளிக்கு அடுத்த படி. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்கள் கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் வகுத்தனர். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1982இல் ஏகலவ்யா என்னும் அமைப்பு இப்பணியை ஏற்று வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது. தொடக்க வகுப்புகளுக்கெனவும் அவ்வமைப்பு 1980களில் தனியே ஒரு திட்டம் வகுத்தது.

அங்கே வழக்கமான பாடநூல் இல்லை. 'பால வைஞானிக்', அதாவது 'குழந்தை அறிவியலாளன்' என்னும் பயிற்சி நூல் இருந்தது. அதில் விடைகள் இரா. செய்ய வேண்டிய சோதனையும் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கும். பிள்ளைகள் நால்வராய்ச் சேர்ந்து சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் வாதிட்டு முடிவுக்கு வருவர். கருவிகளும் எளியவை. தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் வடிவியல் கற்பித்தன. சவாலிராம் என்னும் கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதினர். கடிதம் எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் விடை அனுப்ப முயன்றார்கள்.

இவை யாவற்றினும் முக்கியமான ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அவர்கள் தேர்வையே மாற்றினார்கள். தேர்வுக் கூடத்துக்குப் பிள்ளை தன் நூலையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லலாம். பார்த்து எழுதுவதால் பயன் இராது. ஏனெனில் கேள்வி நினைவாற்றலைச் சோதிக்காது, சிந்தனையைச் சோதிக்கும். செய்முறைத் தேர்வும் உண்டு. கிங்ஸ் சாம்போர்னை வீழ்த்திய இடம் எது என்று அறிந்து, அங்கேயே கரை கட்டியதுபோல் இது அமைந்தது. அதனால் முப்பது ஆண்டுகள் அம்முயற்சி தாக்குப்பிடித்தது.

2002இல் மாவட்டத் திட்டக் குழுவின் பரிந்துரையை ஏற்று மாநில அரசு இதை நிறுத்தியது. மாநிலத்தின் பிற பிள்ளைகள் படிக்கும் அதே பாடநூலை இங்கும் படிக்க வேண்டும். இல்லையேல் மேல்வகுப்பில் நம் பிள்ளைகள் பின்தங்குவர் என்பது எதிர்ப்பாளரின் வாதம். அறிஞர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர், பயனில்லை. எட்டாம் வகுப்பின் தேர்வை மாற்ற முடிந்தது. அதற்கு மேலுள்ள தேர்வுகளையும், அவற்றை நோக்கி நிற்கும் பெற்றோரின் மனத்தையும் மாற்ற முடியவில்லை. ஹாம்ப்ஷயருக்கும் நர்மதைக்கும் இடையே நூற்றுமுப்பது ஆண்டுத் தொலைவு. பாடம் ஒன்றே: எதைக் கேட்டு மதிப்பிடுகிறோமோ அதுவே கற்பிக்கப்படும்.

இப்னு கல்தூன் கண்ட குறை

மனப்பாடத்தைப் பற்றிப் பேசும்போது மதரஸாவில் பயின்ற நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனனம் இழிவானதன்று. நம் மார்க்கக் கல்வியின் முதற்படியே அதுதான். குர்ஆனை நெஞ்சில் தாங்கிய ஹாஃபிழ்களை நாம் கண்ணியப்படுத்துகிறோம். ஓதப்பட வேண்டிய வேதத்தை மனனம் செய்வது அதற்குரிய முறை. காணப்பட வேண்டிய பொருளை மனனம் செய்வதோ அதற்குரிய முறையாகாது. ஒவ்வோர் அறிவுக்கும் அதனதன் வாசல் உண்டு.

இந்த வேறுபாட்டை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் இப்னு கல்தூன். கி.பி. 1332 முதல் 1406 வரை வாழ்ந்த அப்பேரறிஞர் தம் முகத்திமாவில் கற்பித்தலைப் பற்றித் தனி அத்தியாயங்கள் எழுதியிருக்கிறார். கல்வியின் பயன் 'மலகா' என்பது அவர் கருத்து. மலகா என்றால் ஓர் அறிவு உள்ளத்தில் ஊறிக் கைவந்த திறமையாகிவிடுதல். நீச்சல் கற்றவனுக்கு நீச்சல்போல என்று விளங்கிக்கொள்ளலாம். தம் காலத்து மக்ரிபு நாட்டு மாணவர் சிலர், பல்லாண்டுகள் அவையில் வாய்திறவாது அமர்ந்து மனனத்திலேயே காலம் கழித்தனர் என்றும், அவர்களின் நினைவிலே நிறைய இருந்தும் மலகா உண்டாகவில்லை என்றும் அவர் குறைபடுகிறார். மொராக்கோவில் மாணவர்க்குப் பதினாறு ஆண்டுகள் என்றும், தூனிஸில் ஐந்தே ஆண்டுகள் என்றும் வரையறுத்திருந்ததை ஒப்பிட்டு, இந்நீட்சிக்குக் காரணம் கற்பிக்கும் முறையின் குறையே என்கிறார். பேசுதல், வினாவுதல், வாதித்தல் ஆகியவற்றால் அந்தத் திறமை எளிதில் வரும் என்பது அவர் காட்டும் வழி. பிள்ளையிடம் கடுமை காட்டுதல் அதன் ஊக்கத்தைக் கெடுத்துப் பொய்யையும் வஞ்சகத்தையும் பழக்கும் என்றும் எச்சரிக்கிறார். ஹோஷங்காபாத் வகுப்பறையில் நால்வராய் அமர்ந்து வாதிட்ட பிள்ளைகளை அவர் கண்டிருந்தால் அடையாளம் கண்டிருப்பார்.

இங்கே மற்றொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறோம். நம் மேடைகளிலும் ஏடுகளிலும் இப்னுல் ஹைதமின் பெயரைப் பெருமையோடு முழங்குகிறோம். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, ஒளியைப் பற்றிக் 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலை எழுதியவர் அவர். பிள்ளைகளை அவர் பெயரையும் ஆண்டையும் நூலின் பெயரையும் ஒப்பிக்கச் செய்து, பரிசும் தருகிறோம். அவர் செய்ததோ இதற்கு நேர்மாறு. முன்னோர் நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்றை ஏற்காமல், இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியை விட்டு ஆராய்ந்தார். தாலமியின் நூல்மீதே ஐயங்களை எழுப்பித் தனி நூல் செய்தார். அவர் பெயரை மனனம் செய்த பிள்ளையைக் காட்டிலும், ஓர் அட்டைப் பெட்டியில் ஊசித் துளையிட்டு, எண்ணெய்த் தாளில் தலைகீழாய் விழும் வேப்பமரத்தைக் கண்ட பிள்ளையே அவருக்கு அணுக்கமான மாணவன்.

முற்றத்தில் ஒரு குச்சி

இவ்வளவையும் படித்த பெற்றோர், "அரசும் தேர்வும் நம் கையில் இல்லையே, நாம் என்ன செய்வது?" என்று கேட்கக்கூடும். வீட்டு முற்றமும் வீட்டுக் கேள்வியும் நம் கையில் இருக்கின்றன. நமக்கு மிக நெருங்கிய ஒன்றையே எடுத்துக்காட்டுகிறோம்.

தொழுகை நேரங்களை ஃபிக்ஹுக் கிதாபுகள் நிழலைக் கொண்டு வகுக்கின்றன. சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். நண்பகலில் எஞ்சியிருந்த நிழலை நீக்கி, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் தொடங்குகிறது. இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்தில் அது இருமடங்காக வேண்டும். நம் மூத்த ஆலிம்கள் கடிகாரமில்லாக் காலத்தில் இதைக் கண்ணால் கண்டு அறிந்தனர். சில பழைய பள்ளிவாசல்களில் நிழற்கடிகாரங்களும் இருந்தன. இன்று சுவரில் அச்சிட்ட நேர அட்டவணை தொங்குகிறது. இந்த வாசகத்தை ஓதிப் பொருள் சொல்லும் மாணவருள் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? மக்தபிலும் பள்ளிக்கூடத்திலும் நோய் ஒன்றாகவே இருக்கிறது.

முற்றத்தில் ஒரு முழக் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். பிள்ளையிடம் சுண்ணக்கட்டியைக் கொடுங்கள். காலை முதல் மாலை வரை மணிக்கொருமுறை நிழலின் நுனியைக் குறிக்கட்டும். எப்போது நிழல் மிகக் குறுகியது? அப்போது அது எத்திசையில் விழுந்தது? வாரம் ஒருமுறை இதைச் செய்து தேதியோடு எழுதி வரட்டும். மார்கழியில் நண்பகல் நிழல் வடக்கே நீண்டிருப்பதைப் பிள்ளை காணும். தமிழகத்தின் பெரும்பகுதியில் ஏப்ரலில் ஒருநாளும் ஆகஸ்டில் ஒருநாளும், தென்கோடியில் செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டியும், நண்பகலில் குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். அந்த இரண்டு நாட்களுக்கு இடையே நிழல் தெற்கே விழும். மக்காவிலும் ஆண்டில் இருமுறை, மே இறுதியிலும் ஜூலை நடுவிலும், கஅபாவுக்கு நேர்மேலே சூரியன் நிற்கும் என்பதைச் சொன்னால் பிள்ளையின் கண் விரியும். அந்த வேளையில் பகலாக உள்ள எந்த ஊரிலும் சூரியனை நோக்கி நின்றால் அதுவே கிப்லாவின் திசை என்பதையும் அது தானே கண்டுபிடிக்கும்.

ஒரு குச்சி, ஒரு சுண்ணக்கட்டி, ஓர் ஆண்டுப் பொறுமை. வானியலும் புவியியலும் கணக்கும் ஃபிக்ஹும் அந்த ஒரு சாண் நிழலில் அடங்கிக் கிடக்கின்றன. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. ஹிச்சம் ஊரின் தாவர வகுப்பில் சிறுமியரும் இருந்தனர் என்பதை மறவாதீர்கள். சமையலறையே ஒரு சோதனைச்சாலை. மாவு புளிப்பதும், பால் உறைவதும், உப்பிட்ட ஊறுகாய் கெடாமலிருப்பதும் அறிவியலே. கேள்வி கேட்கும் சிறுமியை "வாயாடி" என்று அடக்கும் தாய், தன்னை அறியாமலேயே ராபர்ட் லோவின் விதியை வீட்டுக்குள் நடத்துகிறாள்.

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை மதிப்பெண்?" என்றே கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வியைப் பிள்ளை நன்றாகப் புரிந்துகொள்கிறது. வீட்டில் எதற்கு விலை என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. மானியத்துக்காக வெப்பமானியைப் பூட்டிவைத்த ஆசிரியர்போல், அதுவும் தன் வியப்பைப் பூட்டிவைத்துவிடுகிறது. "இன்று என்ன பார்த்தாய்? உனக்கு என்ன ஐயம் வந்தது?" என்று வாரத்தில் ஒருநாளாவது கேட்போம். விடை நமக்குத் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது பாதி அறிவு என்று நம் உலமாக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். மீதிப் பாதியைத் தேடிச் செல்லும் பிள்ளையின் கையைப் பிடித்து நாமும் உடன் நடப்போமாக.